பார்வை போகும் நடை

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு நவம்பர் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பொழுது விடியும் நேரத்தில், அம்மன் கோயிலின் தெற்குச் சாளரத்துக்கு நேர் எதிரே உள்ள வீட்டின் கொல்லைப்புறத்தில், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கழிவறைக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்தார். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. பக்கவாதம் வந்து, வலக்கையும் வலக்காலும் சொன்னபடி கேளாமற்போய், அவருக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. நெற்றியில் காயம் பட்டது, எலும்பு முறியவில்லை. அவரை முதலில் பார்த்தவர் வீட்டில் இருந்தவர் அல்லர். தெருவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பால்காரர்.

“தையல்காரம்மா! உங்க வீட்டுக்காரர் பின்னாடி விழுந்து கெடக்குறாரு பாருங்க!”

தெருவில் போகிறவருக்குக் கொல்லையில் விழுந்தவர் எப்படித் தெரிந்தார் என்றால், அந்த வீட்டின் வாசற்கதவையும் கொல்லைக் கதவையும் சாத்தும் வழக்கம் இல்லை. இரண்டுக்கும் நடுவே நேர்கோடாக ஓடும் நடையில் ஒரு பெட்டியோ நாற்காலியோ திரையோ கிடையாது. வாசலில் நின்றால் கொல்லை தெரியும். கொல்லைக்கு அப்பால் ஏரி தெரியும்.

மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, கணவரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். முதல் முறை இருவருமாகச் சரிந்தார்கள். இரண்டாம் முறை பால்காரர் வந்து சேர்ந்துகொண்டார். கண்டக்டரின் வேட்டி நனைந்திருந்தது, மழையினால் மட்டும் அல்ல. அதைப் பால்காரர் கவனித்ததையும், கவனியாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் கண்டக்டர் கவனித்தார். அன்று முழுவதும் அவர் கஞ்சியைத் தொடவில்லை.

அந்த வீட்டின் நடை அம்மனுக்கு உரியது என்பது ஊரறிந்த செய்தி. மற்றத் தெய்வங்கள் எல்லாம் கிழக்கே பார்த்திருக்க, அந்தக் கோயிலின் அம்மன் மட்டும் தெற்கே பார்த்து நிற்கிறாள். அதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதையை வருகிறவர்களுக்குச் சொல்வது அந்த வீட்டின் மூத்த ஆணுடைய கடமை. தந்தைக்குப் பிறகு கண்டக்டர் அதை ஏற்று, பஸ்ஸில் பழகிய குரலிலேயே சொல்லிவந்தார்.

“உள்ள வாங்க, உள்ள வாங்க. நடைய மறைக்காதீங்க, ரெண்டு பக்கமும் ஒதுங்கி நில்லுங்க. சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை. என்ன சண்டைன்னு கேக்காதீங்க, உங்க வீட்ல நடக்குற அதே சண்டைதான். ஏரியில குளிச்சிட்டு வர்றேன்னு சாமி கெளம்பினாரு. ‘எப்போ வருவீங்க?’ன்னு கேட்டா. ‘நீ கதவைச் சாத்துறதுக்குள்ள வந்துடுவேன்’னாரு. அவருடைய லட்சணம் அவளுக்குத் தெரியாதா? கதவைச் சாத்தாம, ஏரியைப் பார்த்துக்கிட்டே நின்னா. இன்னும் நிக்கிறா. எங்க பாட்டன் முப்பாட்டன் இந்த எடத்துல வீடு கட்டினப்போ, ‘தாயே, உன் பார்வை என் வீட்டுக்குள்ள பூந்து போகட்டும், ஒருநாளும் மறைக்க மாட்டோம்’னு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. அந்தச் சத்தியந்தான் இந்த நடை. பாத்தாச்சா? எறங்குறவங்க எறங்கலாம்!”

கேட்டவர்கள் சிரிப்பார்கள், கைகூப்புவார்கள், போய்விடுவார்கள். நடையில் குடியிருந்தவள் தையல்காரம்மா. மணமாகி வந்த நாள்முதல் அவள் மழைக்காலத்தில் நடையைத் துடைத்தாள். காற்றுக்காலத்தில் சருகு பெருக்கினாள். எல்லாக் காலத்திலும் நாய் விரட்டினாள். தைக்க வந்த துணிகள் பறந்து போகாதிருக்க, தண்ணீரில் தேய்ந்த ஏரிக்கற்களை அவற்றின்மேல் வைத்தாள். கோயிலைச் சுற்றிப் போகச் சோம்பியவர்கள் அவள் வீட்டுக்குள் நுழைந்து கொல்லை வழியாக ஏரிக்குப் போனார்கள். போகிறபோக்கில், “என்ன குழம்பு? வாசனை தூக்குது!” என்றும் கேட்டார்கள்.

வீட்டின் பங்கீடும் அப்படியே அமைந்தது. நடைக்கு மேற்கே ஓர் அறையும் சமையலறையும் கண்டக்டருக்கு. கிழக்கே இரண்டு அறைகள் அவருடைய தம்பிக்கு. தம்பி சிமெண்ட் வியாபாரி. கடைவீதியில் மாடி வீடு கட்டிப் போய்விட்டார். அவருடைய அறைகள் இரண்டும் பூட்டியே கிடந்தன. வீட்டில் எல்லாவற்றிலும் பெரிய இடமாகிய நடை, யாருக்கும் பயன்படாமல் நடுவில் கிடந்தது.

விழுந்த மறுநாள் தையல்காரம்மா கொத்தனாரை அழைத்துவந்தாள். அவர் அளவுநாடாவை நீட்டி, மடக்கி, மீண்டும் நீட்டிப் பார்த்தார். அவளுடைய அறையில் கட்டிலும் தையல் மெஷினும் போக ஆள் திரும்ப இடமில்லை. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் கழிவறை கட்ட அவளுக்கே மனமில்லை.

“சாக்கடைக் குழாய் கிழக்கால போகுதுக்கா. ஒண்ணு, பூட்டிக் கெடக்குதே அந்தப் பின் ரூமு. இல்லேன்னா இந்த நடையோட கடைசி. நாலு பக்கம் செவுரு எழுப்பி, ஒரு கதவு போட்டா ஒரே வாரத்துல முடிச்சிடுவேன்.”

“நடையிலயே கட்டிடுங்க.”

கொத்தனார் நாடாவைச் சுருட்டிக்கொண்டார். “அக்கா, இது அம்மன் நடையில்ல? கட்டிட்டு நாளைக்கு நான் சாரத்துலேர்ந்து விழுந்தா, அம்மன்தான் தள்ளிவிட்டான்னு என் பொண்டாட்டியே சொல்லுவா. கமிட்டியில ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்துடுங்க.”

கட்டிலில் கிடந்த கண்டக்டர் இடக்கையால் சுவரைத் தட்டினார். வாதம் அவருடைய சொற்களை அள்ளிக்கொண்டு போனபோது, கையில் ஒட்டிக்கொண்ட சில்லறைபோல் ஒன்றிரண்டை விட்டுப்போயிருந்தது. அவற்றில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்.

“கூடாது.”

“எது கூடாது? நடையில கட்டக் கூடாதா, நீங்க மறுபடியும் சேத்துல விழக் கூடாதா?”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். படுக்கையிலேயே பாத்திரம் வைத்துக்கொள்ளவும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. நாள் முழுவதும் நின்றுகொண்டே பிழைத்தவர். படுத்தபடி அந்தக் காரியத்தைச் செய்ய அவருடைய உடம்பே மறுத்தது. அவள் அறைக்கதவை மூடி, பாத்திரத்தை வைத்துவிட்டு வெளியே நின்றாலும், திரும்பி வரும்போது பாத்திரம் வெறுமையாகவே இருக்கும். அவர் கண் நிறைந்திருக்கும்.

அன்று மாலையே அவள் கொழுந்தனாருடைய கடைக்குப் போனாள். கோயில் கமிட்டியின் செயலாளரும் அவரே.

“வாங்க அண்ணி. அண்ணனுக்கு எப்படி இருக்கு? வந்து பாக்கணும்னுதான் இருந்தேன். லோடு வந்துடுச்சு.”

“நல்லாத்தான் இருக்கார் தம்பி. நடையோட கடைசியில ஒரு கக்கூஸ் கட்டிக்கிறேன். கமிட்டி சரின்னு சொல்லணும்.”

கொழுந்தனார் காதைப் பொத்திக்கொண்டார். “அண்ணி! அம்மன் பார்வையில போய் கக்கூஸா? நம்ம குடும்பப் பெருமையே அந்த நடைதானே! நாளைக்கு ஊர்ல என் முகத்துல முழிப்பாங்களா?”

“அப்போ உங்க பின் ரூமைக் குடுங்க.”

“குடுக்கலாம் அண்ணி… ஆனா பொண்ணு வெளிநாட்லேர்ந்து வந்தா தங்குறதுக்குன்னு வச்சிருக்கேன்.”

“எப்போ வர்றா?”

“அது லீவு கெடைக்கிறதைப் பொறுத்து.”

“அந்த ரூமுக்குப் பூட்டுப் போட்டப்போ அவ பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தா. இப்போ அவ பொண்ணு பள்ளிக்கூடம் போறா.”

“அதுக்கென்ன செய்றது அண்ணி? நான் ஒருத்தன் சொல்லி ஆகுமா? குருக்களைக் கேளுங்க. அவர் சரின்னா எனக்கும் சரி.”

குருக்களைக் கேட்டாள். “எனக்கு என்னம்மா தெரியும்? பூசை பண்றதுதான் என் வேலை. கட்டடம்னா தலைவரைக் கேளுங்க,” என்றார். கமிட்டித் தலைவராகிய மருந்துக்கடைக்காரரைக் கேட்டாள். “சாஸ்திரம் சம்பந்தப்பட்டது. குருக்கள் என்ன சொன்னார்?” என்றார். “உங்களைக் கேக்கச் சொன்னார்,” என்றாள். “அப்போ செயலாளரைக் கேட்டுடுங்களேன். உங்க கொழுந்தனார்தானே!” என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவருக்கு இருமல் மருந்து எடுக்கத் திரும்பினார்.

மூவரும் சேர்ந்து அவளைப் பந்தாடினார்கள். ஒருவரும் மறுக்கவில்லை; மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். கோபத்தில் மிதித்த மிதியில் ஊசி ஒடிந்தது. மாற்று ஊசியைத் தேடிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நடையில் தண்ணீர் ஏறியது. ஊசியை விட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

அடுத்த வாரம் குருக்கள் ஆளனுப்பினார். அவள் கேட்ட விஷயத்துக்காக அல்ல. கருவறைத் திரை நைந்துவிட்டதாம், புதிதாகத் தைக்க அளவெடுக்க வேண்டுமாம். அவள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடுப்பகலில் போனாள். நடை சாத்தும் நேரமாதலால் கோயிலில் வேறு யாரும் இல்லை.

“உள்ள வரக் கூடாதும்மா. படிக்கு இந்தப் பக்கமே நின்னு எடுத்துக்குங்க.”

“திரை தொங்குறது படிக்கு இந்தப் பக்கந்தானே. எனக்கு ஏன் உள்ள?”

அகலத்தை அளந்தாள். உயரத்துக்காகக் குருக்களை மேலே கம்பியில் நாடாவின் நுனியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுநுனியோடு குனிந்தாள். நாடா முறுக்கிக்கொண்டது. அதை நேராக்கத் திரும்பியவள், கருவறைக்கு முதுகைக் காட்டி, வாசலின் நட்டநடுவில், மண்டபத்தைப் பார்த்து நின்றாள். அந்தக் கோயிலில் அப்படி நிற்பவர் எவரும் இலர். வருகிறவர்கள் எல்லாரும் அம்மனைப் பார்த்து நிற்பார்கள். அதுவும் இரண்டு பக்கமாக ஒதுங்கி நிற்பார்கள். அம்மன் பார்க்கும் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

எதிரே சாளரம் தெரிந்திருக்க வேண்டும். சாளரத்தின் கல்லிடுக்குகளில் தெருவும், தெருவுக்கு அப்பால் அவளுடைய வாசலும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது ஓர் இரும்புப் பீரோ. சாளரத்தை அடைத்துக்கொண்டு, பச்சை வண்ணத்தில், ஆளுயரத்துக்கு மேலாக நின்றது. அதன் கதவில், அம்மன் படிப்பதற்கு வசதியாகப் பெரிய சிவப்பு எழுத்துகளில், ‘உபயம்’ என்று தொடங்கி அவளுடைய கொழுந்தனாரின் சிமெண்ட் கடையின் பெயர் எழுதப்பட்டிருந்தது.

அவள் நாடாவைக் கீழே விட்டாள்.

“ஐயா, இந்த பீரோ எப்போலேர்ந்து இங்க இருக்கு?”

“அதுவா? ஸ்டோர் ரூம் ஒழுகுச்சும்மா. அம்மனோட பட்டுப்புடவையெல்லாம் நனைஞ்சுடும்னு, தற்காலிகமா இங்க தூக்கி வச்சோம்.”

“எப்போ?”

“உங்க மாமியார் காலமான வருஷம்.”

அது பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு. தெருவிலிருந்து பார்த்தால் சாளரத்தின் கல்லிடுக்குகள் என்றும் இருட்டாகத்தான் தெரியும். அவள் மெதுவாகக் கேட்டாள். “இங்க வந்து நில்லுங்க ஐயா. நான் நிக்கிற எடத்துல. என்ன தெரியுது சொல்லுங்க.”

குருக்கள் வந்து நின்றார். பீரோவைப் பார்த்தார். அம்மனைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி பீரோவைப் பார்த்தார். “அடக் கடவுளே!” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “தினம் ரெண்டு வேளை இதைத் தெறந்து மூடுறேனே அம்மா!”

பதினோரு மழைக்காலம் துடைத்த தண்ணீர் அவள் கண்முன் நின்றது. அவளுடைய வீட்டு நடையை ஏரிக்காற்றும் நாயும் பால்காரரும் பார்த்தார்கள். பார்க்கவேண்டியவள் மட்டும் பார்க்கவில்லை.

மாலைக்குள் மூவரும் அவள் வீட்டு நடையில் கூடினார்கள். தலைவரும் கொழுந்தனாரும் பாயில் அமர்ந்தார்கள்; குருக்கள் தூணில் சாய்ந்து நின்றார். கண்டக்டரைத் தாங்கிக் கொண்டுவந்து சுவரோரம் நாற்காலியில் அமர்த்தினாள் மனைவி. விவரம் அறிந்ததுமுதல் அவர் முகம் கல்லாகியிருந்தது.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். “விஷயம் வெளிய போகக் கூடாதும்மா.”

“வெளியன்னா எங்க ஐயா? எங்க வீட்ல உள்ள, வெளியன்னு எதுவும் கெடையாதே. நீங்க இப்போ பேசுறதை எதிர்க்கடையில கேட்டுக்கிட்டிருப்பாங்க.”

தலைவர் தெருவைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் அவசரமாகத் தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

“பீரோவை நாளைக்கே எடுத்துடலாம். பரிகாரமும் பண்ணிடலாம்,” என்றார் குருக்கள். “எங்க வைக்கிறதுன்னுதான் தெரியலை. ஸ்டோர் ரூம் இன்னும் ஒழுகுது.”

“அதுக்கு ஏன் கவலை?” என்று கொழுந்தனார் மார்பை நிமிர்த்தினார். “என்னோட ரூம் ரெண்டும் காலியாத்தானே கெடக்கு? நல்லாக் காஞ்ச எடம். சாவி இதோ இருக்கு. அம்மன் காரியத்துக்கு இல்லாத ரூம் எதுக்கு?”

தலைவர், “பெரிய மனசு!” என்றார்.

தையல்காரம்மா தாங்கியிருந்த கணவரின் தோளை விட்டாள். “காலியா கெடக்கா? போன வாரம் கேட்டப்போ உங்க பொண்ணு தங்குறதுக்குன்னு சொன்னீங்களே தம்பி. கூடப் பொறந்தவர் சேத்துல கெடந்தார், அவருக்குத் தெறக்காத பூட்டு ஒரு பீரோவுக்குத் தெறக்குதா?”

“அண்ணி, அது வேற, இது வேற. இது தெய்வ காரியம்.”

“தெய்வ காரியமாவே பேசலாம்.” அவள் கணவர் பக்கம் திரும்பினாள். “என்னங்க, கதையை நீங்கதானே சொல்லுவீங்க. சாமி என்ன சொல்லிட்டுப் போனார்?”

கண்டக்டரின் வாய் கோணி, திறந்து, மூடியது. “சா… சாத்துறதுக்குள்ள…”

“சாத்துறதுக்குள்ள வந்துடுவேன்னார். அவ சாத்தினாளா?”

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

“சாத்தலை. அவ சாத்தாத வரைக்கும், அந்த மனுஷன் வந்தே ஆகணும்னு என்ன கட்டாயம்? அவர் பேச்சு தப்பலையே! ஏரியில சுகமா குளிச்சிக்கிட்டிருப்பார். அவளை நிக்க வச்சதும் இல்லாம, தலைமுறை தலைமுறையா என்னை மாதிரி எத்தனை பேரைத் துடைப்பத்தோட நிக்க வச்சிருக்கீங்க! ஒரு தடவை சாத்திப் பாத்திருந்தா அவர் எப்பவோ வந்திருப்பார்.”

குருக்கள் தலைவரைப் பார்த்தார்; தலைவர் செயலாளரைப் பார்த்தார்; செயலாளர் பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் தரையைப் பார்த்தார். அப்போது நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்டக்டரின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எண்ணிக் குருக்கள் ஓடிவந்தார். அவர் அழவில்லை. முகத்தின் இடப்பாதி சிரித்துக்கொண்டிருந்தது. வலப்பாதி அதனோடு சேர முயன்றது. அத்தனை ஆண்டு கதை சொன்னவருக்கு, அந்தக் கதையில் இப்படி ஓர் இடம் இருந்தது தெரியவில்லை.

அவர் இடக்கையை உயர்த்தி, பஸ்ஸின் மேற்கூரையைத் தட்டுவதுபோல் பின்சுவரைத் தட்டினார்.

“சாத்து,” என்றார். மூச்சு வாங்கினார். பிறகு, வாதம் வந்த நாள்முதல் அந்த வீட்டில் கேட்காத குரலில், தெருக்கோடிவரை எட்டும்படி, “ரைட்!” என்றார்.

எதிர்க்கடைக்காரர் தராசை விட்டுவிட்டு நடுத்தெருவுக்கே வந்துவிட்டார்.

அன்று விளக்கு வைப்பதற்குள் முடிவானவை இவை: பீரோ மறுநாள் சாளரத்தை விட்டு அகற்றப்படும். கிழக்குப்புறத்து முன்னறையில் பீரோ இருக்கும். பின்னறையில் கொத்தனார் கழிவறை கட்டுவார், சிமெண்ட் கொழுந்தனாருடையது. அதன்மேல் ‘உபயம்’ என்று எழுதுவதற்கில்லை என்பதைத் தையல்காரம்மா தனியாகச் சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்தாள். நடையில் எதுவும் கட்டப்படாது. பூசைவேளைகளில் கதவுகள் இரண்டும் திறந்திருக்கும். மழையிலும் இரவிலும் சாத்தப்படும். இதில் தோஷம் உண்டா என்று தலைவர் கேட்டதற்கு, பதினோரு ஆண்டு பீரோவைப் பார்த்தவள் இதைப் பொறுத்துக்கொள்வாள் என்று குருக்கள் சொன்னார்.

மூவரும் போனபின் மழை வந்தது. தையல்காரம்மா கொல்லைக் கதவின் முன் நின்று முந்தானையை இடுப்பில் செருகினாள். சுவரோடு ஒட்டிக் கிடந்த கதவை இழுத்தாள். கீல் அசையவில்லை. எண்ணெய் விட்டு, தோள்கொடுத்து, முழு பலத்தோடு இழுத்தபோது கதவு முனகிக்கொண்டு நிலைக்குச் சற்று முன்னே வந்து நின்றது. தலைமுறைக்கணக்கில் மழையைக் குடித்து ஊதித் தொங்கியிருந்த மரம் நிலையில் பொருந்துவதாக இல்லை. மேலே ஒரு கை இடைவெளி. கீழே தரையில் முட்டியது. அந்த இடைவெளியில் ஏரிக்காற்று எப்போதும்போல் உள்ளே வந்தது.

“என்னாச்சு?” என்பதுபோல் கண்டக்டர் உள்ளிருந்து சுவரைத் தட்டினார்.

“சாத்த வரலை,” என்று சொல்லிவிட்டு அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

கதவைச் செதுக்கிக் கொடுக்கத் தச்சர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.